ஞாயிற்றுக்கிழமைக் கொக்குகள்

போன மாதம் ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு பிள்ளை போன் எடுத்தாள். தலையைப் படம் பிடிக்கிற மெஷினுக்கு என் முறை வந்துவிட்டதாம். "ஞாயிற்றுக்கிழமைதான் இடம் இருக்கு. ஞாயிறு உங்களுக்கு ஃப்ரீயா?" என்று இங்கிலிஷில் கேட்டாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பாவம், அவளுக்கு ஒன்றும் விளங்கியிருக்காது. ஒரு காலத்தில் இந்தக் கேள்வியை யாராவது என்னிடம் கேட்கமாட்டார்களா என்று ஏங்கித் திரிந்தவன் நான்.

பெரிய வருத்தம் ஒன்றுமில்லை, பயப்படாதேங்கோ. கொஞ்ச நாளாக ஒரு பக்கத் தலையிடி. "எதுக்கும் ஒருக்கா பாப்பம்" என்று டொக்டர் எழுதிவிட்டார். க்ளாஸ்கோவில் இருக்கிற என் தங்கச்சி துஷா, நான் வேண்டாம் என்று சொல்லச் சொல்ல, முதல் நாளே ட்ரெயின் ஏறி வந்துவிட்டாள். மோதிரம், பெல்ட், மணிக்கூடு, திறப்புக்கொத்து எல்லாவற்றையும் கழற்றி அவள் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனேன்.

கட்டிலில் படுக்க வைத்தார்கள். காதுக்கு இரண்டு பக்கமும் ஸ்பொன்ச் அடைத்தார்கள். பிறகு ஒரு வெள்ளைப் பிளாஸ்டிக் கூட்டை என் முகத்துக்கு மேலே கவிழ்த்து, "க்ளிக்" என்று பூட்டினார்கள். கம்பிகளுக்கு நடுவால் கூரை தெரிந்தது. அவ்வளவுதான், மூக்குக்குள் ஒரு மணம் வந்து நின்றது. நனைந்த ஸ்பொன்ச், பழைய வியர்வை, சேறு, அதோடு கொஞ்சம் தேங்காயெண்ணெய். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த அறையில் அப்படி ஒரு மணமும் கிடையாது. கழுவித் துடைத்து வைத்த இடம்.

பயம் வந்தால் அமத்தச் சொல்லி, கையில் ஒரு ரப்பர் குமிழைத் தந்தார்கள். அதைத் தொட்டதும் மிச்சமும் வந்துவிட்டது. எங்கள் ஹெல்மெட்டுக்குக் காற்றடிக்கிற பம்ப்பிலும் இதே மாதிரி ஒரு குமிழ் இருந்தது. இதே பிடி, இதே மெத்து. அசையாதே என்று சொல்லி உள்ளே தள்ளிவிட்டுக் கதவைச் சாத்திவிட்டார்கள். தலைக்குமேல் மெஷின் இடி இடியென்று இடிக்கிறது. மனிதன் வேறு என்னதான் செய்கிறது? நான் கொக்குகளை நினைத்துக்கொண்டு கிடந்தேன்.

நான் அமெரிக்கன் ஃபுட்போல் விளையாடினவன். சிரியாதேங்கோ. சொன்னால் எல்லாரும் முதலில் என் வயிற்றைத்தான் பார்க்கிறார்கள்.

பதினெட்டு வயதுவரை நான் ஜெர்மனியில் வளர்ந்தவன். நாங்கள் இருந்த சின்ன ஊருக்குப் பக்கத்தில் ஒரு காலத்தில் அமெரிக்க ஆமி முகாம் இருந்தது. ஆமி போய்விட்டது, அவர்களுடைய விளையாட்டு ஊரிலேயே தங்கிவிட்டது. பள்ளிக்கூடப் பெடியள் எல்லாம் அந்த முட்டைப் பந்தோடுதான் திரிவார்கள். நானும் திரிந்தேன். அந்த நேரம் பார்த்து அப்பாவுக்கு லண்டன் ஆசை பிடித்தது. எங்கட சனம் இருக்கு, கோயில் இருக்கு, இங்கிலிஷ் படிப்பு இருக்கு, சொந்தமாக ஒரு கடை போடலாம். ஜெர்மனியில் ஹோட்டல் குசினிக்குள்ளேயே தலை நரைத்தவருக்குச் சொந்தக் கடை என்பது சின்ன விஷயம் இல்லை. வான் ஒன்றில் சாமான் ஏற்றிக்கொண்டு வந்து, லூயிஷாம் பக்கம் ஒரு மூலைக்கடையை வாங்கினார். என்னிடம் வீட்டுக்குத் தமிழ் இருந்தது, வெளிக்கு ஜெர்மன் இருந்தது. லண்டனுக்குத் தேவையான இங்கிலிஷ்தான் இல்லை.

கடையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். காசுப்பெட்டிக்கு முன்னால் தடித்த பிளாஸ்டிக் தடுப்பு. அதில் கை நுழையிற அளவுக்கு ஓர் ஓட்டை. உலகம் அந்த ஓட்டையால் காசை நீட்டும், நான் அந்த ஓட்டையால் சிகரெட்டையும் போன் கார்ட்டையும் நீட்டுவேன். எனக்குப் பின்னால் சுவர், பக்கத்தில் ஃப்ரிட்ஜ் உறுமல், தலைக்கு மேலே அப்பா கொழுவின சாமிப்படம். பகலில் கொலேஜ், பின்னேரம் கடை, சனிக்கிழமை கடை. ஞாயிற்றுக்கிழமை கட்டாயம் கடை, ஏனென்றால் அன்றைக்குத்தான் அப்பா மொத்தக்கடைக்குச் சாமான் எடுக்கப் போவார். என் வயதுப் பெடியள் ஞாயிறு மத்தியானம் முதுகில் பையோடு சிரித்துக்கொண்டு போவார்கள். நான் தடுப்புக்குள் நின்று பார்த்துக்கொண்டிருப்பேன். விசர் பிடிக்கும். உண்மையாகவே பிடிக்கும்.

நான் படித்த கொலேஜ் ஒரு குட்டிக் கொலேஜ். இரண்டு கட்டடம், ஒரு கன்டீன், ரெயில் தண்டவாளத்துக்குப் பக்கத்தில் சேறும் சகதியுமாக ஒரு மைதானம். கொலேஜின் சின்னத்தில் ஒரு கொக்கு நின்றது. அதனால் அங்கே இருந்த அமெரிக்கன் ஃபுட்போல் அணிக்கும் கொக்குகள் என்றே பெயர். மற்ற அணிகள் எல்லாம் புலி, கரடி, காட்டெருமை என்று வரும். நாங்கள் கொக்கு. பெயருக்கு ஏற்றமாதிரி மைதானத்தில் அதிக நேரம் சும்மாதான் நின்றோம்.

அணியைத் தொடங்கியவர் கொலேஜின் கட்டடங்களைப் பூட்டித் திறக்கிற டெரிக். லூயிஷாமிலேயே பிறந்து வளர்ந்த மனிதர், அமெரிக்காவில் காலே வைத்ததில்லை. டிவியில் பார்த்துப் பார்த்து இந்த விளையாட்டில் பைத்தியமானவர். பாதி ஆட்டத்தைப் பிழையாகச் சொல்லித் தருவார், ஆனால் என்ன நம்பிக்கையோடு சொல்லித் தருவார் தெரியுமோ! வேறெங்கோ கலைந்துபோன ஓர் அணியின் ஹெல்மெட்டுகளையும் தோள்கவசங்களையும் இலவசமாகக் கெஞ்சி வாங்கி வந்து, பொயிலர் அறைக்குள் அடுக்கி வைத்திருந்தார். அந்த அறைக்குள் போனால் ஊறின துணியும் சூடான இரும்புமாக ஒரு வாடை அடிக்கும். முதல் நாள் அந்த வாடை அடித்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஜெர்மனியிலும் இதே வாடைதான். லண்டனில் எனக்குத் தெரிந்த முதல் பொருள் அதுதான்.

அணியில் இன்னொரு தமிழன் இருந்தான். பிரபு, மதுரைக்காரன், மாஸ்டர்ஸ் படிக்க வந்தவன். நல்ல பாரம். "உடம்பக் குறைக்கலாம்னு வந்தேன் மச்சான். இங்க என்னடான்னா இந்த உடம்புதான் வேணும்னு புடிச்சு வெச்சுக்கிட்டானுங்க" என்பான். அவனும் நானும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கிற ஆட்கள். நான் நடு ஆள். குனிந்து, பந்தை இரண்டு காலுக்கும் நடுவால் பின்னுக்குக் கொடுத்துவிட்டு நிமிர வேண்டும். நிமிர முதலே எதிர்ப்பக்கத்து ஆள் வந்து இடித்து விழுத்துவான். பிறகு எனக்கு மேலே நாலைந்து பேர் விழுவார்கள்.

இதைச் சொன்னால் உங்களுக்கு விசித்திரமாக இருக்கும். அந்தக் குவியலுக்கு அடியில் கிடக்கிற நேரம்தான் எனக்கு அந்த வாரத்திலேயே ஆறுதலான நேரம். முகம் சேற்றுக்குள், கை ஒரு பக்கம், கால் ஒரு பக்கம், அசைய ஏலாது. ஆனால் யாரும் என்னிடம் ஒன்றும் கேட்கமாட்டார்கள். சில்லறை கேட்கமாட்டார்கள், பால் எப்ப வரும் என்று கேட்கமாட்டார்கள், கோஸ் முடிய என்ன பிளான் என்று கேட்கமாட்டார்கள். விசில் அடித்து ஆட்கள் எழும்பத் தொடங்கும்போது எனக்குக் கொஞ்சம் கவலையாகத்தான் இருக்கும்.

பயிற்சி புதன்கிழமை, அதற்குப் போகலாம். ஆட்டம் ஞாயிற்றுக்கிழமை. அதுதான் வில்லங்கம். அப்பா நேரத்தோடு சாமான் எடுத்து வந்தால் ஓடிப்போய்ப் பாதி ஆட்டம் விளையாடுவேன், இல்லாவிட்டால் இல்லை. என்னைப்போலப் பலபேர். ஒருவனுக்கு வேலை, ஒருவனுக்குச் சேர்ச். ஆள் போதாமல் ஓர் ஆட்டத்தை விளையாடாமலே கைவிட்டோம். இன்னொரு முறை அப்படி நடந்தால் அணியை எடுத்துவிடுவோம் என்று லீக்காரர் சொல்லிவிட்டார்கள். மிஞ்சியிருந்தது சீசனின் கடைசி ஆட்டம். டெரிக் ஒவ்வொருவனாகப் பிடித்துக் கேட்டார், "நீ வருவியா?" எல்லாரும் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன். ஆட்டிவிட்டு வீட்டுக்கு வந்து கலண்டரைப் பார்த்தால், அதே ஞாயிறு என் தங்கச்சி துஷா பெரியபிள்ளையானதுக்குச் செய்கிற சடங்கு, சாமத்திய வீடு.

லண்டனில் சாமத்திய வீடு என்றால் உங்களுக்குத் தெரியும்தானே. கலியாணம் தோற்றுப்போகும். அம்மா குட்மேய்ஸ் பக்கம் பெரிய கலியாண ஹோல் எடுத்து, மேளம் பிடித்து, வீடியோ பிடித்து, பிள்ளை பல்லக்கில் வரவேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றார். பல்லக்கு வாடகைக்கு வரும். தூக்க ஆள்? நாங்கள் புதிதாக வந்த சனம். மாமாமார் ஒருவர் கனடா, ஒருவர் நோர்வே. மச்சான்மார் என்று சொல்ல லண்டனில் ஒரு குருவியும் இல்லை. அப்பா கடைக்குள் தகர ரின்மீன் அடுக்கிக்கொண்டே அந்தரப்பட்டுக்கொண்டிருந்தார்.

நான் சொன்னேன், "அப்பா, என்னட்ட ஆக்கள் இருக்கினம்."

"ஆர்? அந்த இடிபடுற பெடியளோ?"

"ஓம். தங்கச்சி இருக்கிற பல்லக்கை ஒரு கையால தூக்குவாங்கள்."

அப்பா ரின்னை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். யாவாரி அல்லவா, உடனே விளங்கிவிட்டது. "உனக்கு என்ன வேணும்?"

"அண்டைக்குக் காலமை மட்ச். முடிச்சுப்போட்டு ஆக்களோட நேர ஹோலுக்கு வாறன். பேந்து கோஸ் முடியுமட்டும் ஞாயிற்றுக்கிழமை எனக்கு வேணும்."

இன்னொரு ரின்னை எடுத்து அடுக்கினார். பிறகு சொன்னார், "ராகுகாலம் நாலரைக்கு. அதுக்கு முதல் பிள்ளை மேடையில இருக்கவேணும். நீ வேட்டி கட்டி, தலை இழுத்து, மனிசர் மாதிரி வந்து நிக்கவேணும். நிண்டால், ஞாயிறு உன்ர."

வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷப்பட்டது குறைவு. அன்றிரவு துஷா என் அறைக்கு வந்து கட்டில் விளிம்பில் இருந்தாள். பதின்மூன்று வயது. அவளுக்கு இந்தக் கூத்து ஒன்றும் வேண்டாம். "அம்மாட்டச் சொல்லிப்போட்டன் அண்ணா, ஒரு நாள்தானே எண்டுறா. பள்ளிக்கூடத்தில ஆரும் அறிஞ்சா நான் செத்துப்போவன்" என்றாள். அறியமாட்டினம் என்று சொன்னேன். அம்மா ஒன்றைப் பிடித்தால் பிடித்ததுதான்.

அந்த ஞாயிறு காலை, நான் பையோடு வெளிக்கிட, அம்மா வாசலில் மறித்தார். "விசேஷ நாள், தலை வறண்டுபோய்க் கிடக்கு. நேர ஹோலுக்கு வாறன் எண்டுறாய், ஆக்கள் என்ன நினைப்பினம்?" தேங்காயெண்ணெய்ப் போத்தலைக் கவிழ்த்து, உச்சியிலிருந்து காதுமட்டும் சளசளவென்று தேய்த்து, படிய இழுத்துவிட்டார். கன்னத்தால் வழிந்தது. அமெரிக்கன் ஃபுட்போல் விளையாடப் போகிற மகனுக்குத் தலை நிறைய எண்ணெய் வைத்து அனுப்பிய தாய் உலகத்தில் வேறு யாரும் இருக்க நியாயமில்லை. அங்கேதான் எல்லாம் தொடங்கியது.

மைதானத்தில் தூறல். ஆட்கள் மட்டுமட்டாக வந்திருந்தார்கள், டெரிக் ஒவ்வொருவனையும் கட்டிப்பிடித்தார். நான் ஹெல்மெட்டைப் போட்டேன். சுழன்றது. எண்ணெய்த் தலையில் அது வடிவாக வழுக்கி, முதல் இடியிலேயே என் மூக்கு காது ஓட்டைக்கு வந்துவிட்டது. ஹெல்மெட்டுக்குள் காற்றுப் பைகள் இருக்கும், ஒரு மெல்லிய ஊசியை வெளி ஓட்டையில் குத்திக் குமிழை அமத்தினால் பை ஊதித் தலையை இறுக்கும். டெரிக் அமத்தினார். பிறகும் வழுக்கியது. "இன்னும் கொஞ்சம் அடி" என்றேன். அடித்தார். பிறகும் வழுக்கியது. பிரபு பம்ப்பை வாங்கி, "நகரு கோச், நான் பாத்துக்கிறேன்" என்று தன் மதுரைப் பலம் முழுவதையும் அந்தக் குமிழில் காட்டினான். ஹெல்மெட் இறுகியது. ஊசி முறிந்தது. அணி முழுவதுக்கும் இருந்தது அந்த ஒரு ஊசிதான்.

ஆட்டத்தைப் பற்றிக் கேட்காதேங்கோ. தோற்றோம், நன்றாகத் தோற்றோம். ஆனால் கைவிடவில்லை. தாக்கவும் தடுக்கவும் அதே ஆட்கள்தான், மாற ஆள் இல்லை. நாக்குத் தள்ள ஓடினோம். கடைசி விசில் அடித்தபோது வென்ற அணியைவிட நாங்கள்தான் கூடக் குதித்தோம். அணி தப்பிவிட்டது! டெரிக் சேற்றுக்குள் இருந்து அழுதார். நானும் அழலாம் என்று ஹெல்மெட்டைக் கழற்றப் பார்த்தேன்.

வரவில்லை.

மழையும் வியர்வையும் எண்ணெயைக் கழுவிக்கொண்டு போயிருந்தன. இப்போது ஈரத் தலைமயிரை அந்தப் பைகள் கவ்விப் பிடித்திருந்தன. நான் இழுத்தேன். பிரபு இழுத்தான். இரண்டு பேர் என் தோளைப் பிடிக்க, டெரிக் காலைச் சுவரில் ஊன்றி இழுத்தார். காது கையோடு வந்துவிடும் போல இருந்தது, "விடுங்கோடா!" என்று கத்தினேன். மணி போய்க்கொண்டிருந்தது. காற்றைத் திறக்க ஊசி இல்லை. கடைசியில், பல்லக்குத் தூக்கவென்று நான் கொண்டுவந்திருந்த வேட்டிகளை அள்ளி வானுக்குள் எறிந்துவிட்டு ஏறினோம்.

பிளக்வோல் சுரங்கத்துக்குள் வாகனங்கள் அசையவில்லை. கொஞ்சம் நினைத்துப் பாருங்கோ. தேம்ஸ் ஆற்றுக்கு அடியில் சுரங்கம். சுரங்கத்துக்குள் வான். வானுக்குள் சேறு பூசின பெரிய உடம்புகளுக்கு நடுவில் நான். என் தலையைச் சுற்றி ஹெல்மெட். மூச்சு எனக்கே திரும்பி வந்து முகத்தில் அடிக்கிறது. நெற்றி விண்விண்ணென்று இடிக்கிறது. கூட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, முன்னால் நிற்கிற சிவப்பு லைட்டுகளைப் பார்த்தபடி, என் ஞாயிறுகள் ஒவ்வொன்றாகக் கழன்று போவதை எண்ணிக்கொண்டிருந்தேன். மனிசர் மாதிரி வந்து நிக்கவேணும் என்று அப்பா சொன்னது காதுக்குள் கேட்டது. காதுதான் தெளிவாகக் கேட்கவில்லை, அது வேறு விஷயம்.

"மச்சான், ஒண்ணு சொல்லட்டா?" என்றான் பிரபு.

"சொல்லாத."

"பட்டு வேட்டிக்கு மேட்சாத்தான் இருக்கு."

முழு வானும் சிரித்தது. நான் அடிக்கக் கை ஓங்கினேன், இடம் போதவில்லை.

ஹோல் வாசலில் அப்பா நின்றார். கோட் சூட், நெற்றியில் சந்தனம், கையில் மணிக்கூட்டைப் பார்த்தபடி. பெடியள் வேட்டியைப் பெல்ட் போட்டுக் கட்டிக்கொண்டு ஒவ்வொருவனாக இறங்க, அவர் முகம் மலர்ந்தது. கடைசியாக நான் இறங்கினேன். பட்டு வேட்டி, சால்வை, ஹெல்மெட். அம்மாவின் தட்டத்தில் இருந்து ஒரு மாம்பழம் உருண்டு விழுந்தது எனக்கு நல்ல ஞாபகம்.

"என்னடா கோதாரி இது?"

"கழருதில்லை அப்பா."

அப்பா என் கையைப் பிடித்து ஹோல் குசினிக்குள் இழுத்துக்கொண்டு போனார். வடை பொரிக்கிற ஆட்கள் ஆவென்று பார்த்தார்கள். நல்லெண்ணெய்ப் போத்தல் ஒன்றை எடுத்து, காது ஓட்டையால் ஒரு பக்கம் ஊற்றி, மற்றப் பக்கமும் ஊற்றி, இழுத்தார். எண்ணெய் கழுத்தால் ஓடிச் சால்வையை நனைத்தது, ஹெல்மெட் அசையவில்லை. காற்று இறங்காமல் அது எப்படி வரும்? எனக்கு அழுகை வந்துவிட்டது. கண்ணைத் துடைக்கலாம் என்றால் கை கம்பியில் முட்டுகிறது.

அப்போதுதான் அப்பா இழுக்கிறதை நிறுத்தினார். குனிந்து, கம்பிகளுக்கு நடுவால் என் கண்ணைப் பார்த்தார். இரண்டு விரலை உள்ளே விட்டு என் கன்னத்தைத் தொட்டார்.

"மூச்சு விட ஏலுதோ?"

"ஓம்."

"அப்ப சரி. மூச்சு விட ஏலுமெண்டால் ஒண்டும் இல்லை." கையைத் துணியில் துடைத்துக்கொண்டே, யாரோ வேறொருவருக்குச் சொல்கிறமாதிரிச் சொன்னார், "லொறிக்குள்ள ஒளிச்சு வரேக்க எங்களையும் இப்பிடித்தான் கேட்டவங்கள். பலகைக்குப் பின்னால இருந்து. வேற ஒண்டும் கேக்கேல்லை."

அப்பா ஜெர்மனிக்கு எப்படி வந்தார் என்று அதுவரை வீட்டில் ஒரு சொல் பேசியதில்லை. அதற்குப் பிறகும் பேசவில்லை. அவ்வளவுதான், நிமிர்ந்து மணிக்கூட்டைப் பார்த்தார். "ராகுகாலம் வருது. இப்பிடியே தூக்கு."

தூக்கினேன். மேளம் முழங்க, முன்னால் பெண்கள் தட்டம் ஏந்திப் போக, லூயிஷாம் கொக்குகள் என் தங்கச்சியைத் தோளில் வைத்துக்கொண்டு ஹோலுக்குள் நுழைந்தார்கள். முன் வலப்பக்கக் கொம்பில் ஹெல்மெட்டோடு நான். சனத்தின் சிரிப்பில் மேளம் கேட்கவில்லை. "அண்ணை, அந்த மண்டையைக் கொஞ்சம் அங்கால திருப்புங்கோ, பிளாஷ் அடிக்குது" என்று வீடியோக்காரர் கத்தினார். வெட்கத்தில் எனக்கு நிலம் தெரியவில்லை.

பல்லக்குத் திரை கொஞ்சம் விலகியது. துஷா எட்டிப் பார்த்தாள். சிவப்புக் கூறை, நெற்றிச்சுட்டி, இடுப்பைத் தாண்டித் தொங்குகிற பொய்ப்பின்னல், முகம் முழுக்கப் பூச்சு. கழுத்தில் இருந்த நகைப் பாரத்துக்கு அவளால் தலையைத் திருப்பக்கூட ஏலவில்லை. சிரிக்கப்போகிறாள் என்று நினைத்தேன்.

"உன்ர முகம் ஒருத்தருக்கும் தெரியேல்லை அண்ணா" என்றாள். "நீ லக்கி."

மேடைக்குப் பக்கத்தில் பல்லக்கை இறக்கினோம். ஆலாத்தித் தட்டம் எங்கே என்று பெண்கள் ஓடுப்பட்டுக்கொண்டிருந்த இடைவெளியில், அவள் என்னைக் கிட்ட வரச் சொன்னாள். "எதால காத்துப் போறது?" காட்டினேன். கூறைக்குள் கையை விட்டு ஒரு சட்டை ஊசியைக் கழற்றினாள். அந்தக் கூறையில் அப்படி எத்தனை குத்தியிருந்தார்களோ, கடவுளுக்குத்தான் தெரியும். அதை விரித்து, என் ஹெல்மெட் ஓட்டைக்குள் குத்தி, ஒரு பக்கமாக நெம்பிப் பிடித்தாள். "ஸ்ஸ்ஸ்" என்று ஒரு சத்தம். நெற்றி லேசானது. காது திரும்பி வந்தது. மேளம், சிரிப்பு, அம்மாவின் குரல், எல்லாம் ஒரேயடியாக உள்ளே வந்தன. ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் எடுத்தேன். ஹோல் முழுக்கக் கைதட்டியது, பிரபு விசில் அடித்தான்.

துஷா ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு என் சிவந்த காதைப் பார்த்தாள்.

"என்ரையை ஆர் கழட்டுவினம்?" என்றாள்.

அதற்குள் ஆலாத்தி வந்துவிட்டது. அவளைக் கையில் பிடித்து மேடைக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். பின்னேரம் முழுக்க, வீடியோக்காரர் சொன்ன பக்கம் எல்லாம் திரும்பி, சொன்ன நேரம் எல்லாம் சிரித்தாள். எனக்குப் பக்கத்தில் போகவே ஏலவில்லை.

எல்லாம் முடிந்து கதிரைகள் அடுக்கும்போது அப்பா வந்தார். பேச்சு விழப்போகிறது என்று நின்றேன். கொடுப்புக்குள் ஒரு சிரிப்பு. "மனிசர் மாதிரி வரேல்லை. எண்டாலும் வந்தனி. ஞாயிறு உன்ர" என்றார்.

அந்தக் கோடையில் கொலேஜிலிருந்து ஈமெயில் வந்தது. எங்கள் குட்டிக் கொலேஜை ஒரு பெரிய கொலேஜோடு சேர்க்கிறார்களாம். பெரிய கொலேஜில் அமெரிக்கன் ஃபுட்போல் கிடையாது. மைதானம் தேவையில்லை. டெரிக்குக்கும் வேலை இல்லை. கொக்குகளைப் பற்றி அந்த ஈமெயிலில் ஒரு வரியும் இல்லை, எழுதியவருக்கு அப்படி ஒன்று இருந்ததே தெரியாதாக்கும்.

விடுமுறை முடிந்து வந்த முதல் ஞாயிறு, பழக்கத்தில் நேரத்தோடு எழும்பிப் பையைத் தூக்கிக்கொண்டு போனேன். மைதானக் கதவில் சங்கிலி. கம்பிக்குள்ளால் பார்த்தேன். கோல் கம்பங்களைப் பிடுங்கிப் புல்லில் கிடத்தியிருந்தார்கள். முழு லண்டனும் திறந்து கிடக்கிறது, முழு நாளும் என்னுடையது, எனக்குப் போக ஓர் இடம் தெரியவில்லை. கொஞ்சம் சுற்றினேன். மழை வந்தது. கால் தானாகக் கடைக்குக் கொண்டுவந்து விட்டது.

அப்பா தடுப்புக்குப் பின்னால் இருந்தார். "என்ன, இண்டைக்கு விளையாட்டு இல்லையோ?"

"இல்லை."

"பேந்து?"

"இனி இல்லை அப்பா."

அவர் வேறு கேள்வி கேட்கவில்லை. காலால் ஒரு பால் கிரேட்டைத் தன் பக்கத்துக்கு இழுத்துக் கவிழ்த்தார். "இரு" என்றார். இருந்தேன். அன்றிலிருந்து கடை விற்கும்வரை என் ஞாயிறுகள் எல்லாம் அந்தக் கிரேட்டில்தான் போயின. யாரும் என்னை வரச் சொல்லவில்லை.

இப்போது மைதானத்தில் அடுக்குமாடி நிற்கிறது. கட்டடத்துக்கு ஏதோ பறவையின் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள், கொக்கு இல்லை. கொலேஜின் பெயர் போய்விட்டது, சான்றிதழைக் காட்டினால் அப்படி ஓர் இடமா என்று கேட்கிறார்கள். குட்மேய்ஸ் ஹோலைத் தளபாடக்கடை ஆக்கிவிட்டார்கள். போன் கார்ட் என்றால் பிள்ளைகளுக்குத் தெரியாது. எங்கள் மூலைக்கடையில் ஆவிச் சிகரெட் விற்கிறார்கள், தடுப்பையும் எடுத்துவிட்டார்கள். டெரிக் எங்கே என்று தெரியவில்லை. பிரபு சென்னையில் மேனேஜர், பொங்கலுக்குப் பொங்கல் ஒரு மெசேஜ் போடுவான், "மச்சான், கழண்டுச்சா?" அப்பா போய் இரண்டு வருஷம். துஷா அந்த விழாவுக்குப் பிறகு, படிக்கப் போகிறேன் என்று இந்த நாட்டிலேயே லண்டனுக்குத் தூரமான இடத்தைப் பார்த்துப் போனவள்தான். தலைமயிரை ஒட்ட வெட்டியிருக்கிறாள். உடம்பில் ஒரு பொட்டு நகை கிடையாது. அம்மா இன்னும் குறைப்படுகிறார்.

மெஷின் இடிக்கிறதை நிறுத்தியது. குழாய்க்குள்ளால் ஒரு குரல் கேட்டது, "உள்ளே ஓகேயா? மூச்சு விடச் சுகமா இருக்கா?" நான் ஓம் என்றேன், தமிழில்தான் வந்தது. வெளியே இழுத்து, கூட்டின் பூட்டைத் திறந்தார்கள். எழும்பி இருந்து காதைத் தடவிப் பார்த்துக்கொண்டேன்.

வெளியே துஷா என் பெல்ட்டையும் மோதிரத்தையும் மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள். என்னைக் கண்டதும் முதல் கேள்வி, "கழட்டிட்டினமோ?" இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் பக்கத்தில் இருந்த மனுஷி எழும்பி மற்றக் கதிரைக்குப் போய்விட்டார்.

பிறகு அவள் என் திறப்புகளைக் கையில் தந்துவிட்டுச் சொன்னாள், "இனி என்ன, முழு ஞாயிறும் கிடக்கு. எங்க போவம் அண்ணா?"

"கடைக்கு" என்று வாய்வரை வந்துவிட்டது.